கழுத்துக்குள் இருந்த ஆணி

அந்தக் கட்டை ஒரு தலையணை உறைக்குள் வந்தது. தேர்தல் அறிவித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தேர்தல் வந்துவிட்டால், உரிமம் வைத்திருப்பவர்கள் தங்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்தாக வேண்டும். அப்படி ஒப்படைக்க வருகிறவர்களில் சிலர், சும்மா கிடக்கிற நேரத்தில் மரத்தையாவது சரி செய்து கொடுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்பார்கள். அவர் குழலையும் விசையையும் கழற்றித் தன் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, மரத்தை மட்டும் சாந்தோமில் உள்ள எங்கள் வீட்டு மாடி அறைக்குக் கொண்டுவருவார். தோளில் பொருத்தும் பின்கட்டை ஒன்று, குழலை அடியில் தாங்கும் சின்னக் கட்டை ஒன்று. நான் முழுத் துப்பாக்கியை ஒருநாளும் கையில் வாங்கியதில்லை.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கோயிலில் செபத்துக்கு முழந்தாளிடும் பலகைகளில் வார்னிஷ் உரிந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே சுரண்டித் தேய்த்துக் கொடுத்தேன். அதிலிருந்து ஹார்மோனியப் பெட்டி, பீரோ, ஊஞ்சல் பலகை என்று ஒவ்வொன்றாக வந்தது. துப்பாக்கிக் கடைக்காரர் தன் மாமியார் வீட்டுக்கு நான் தேய்த்துக் கொடுத்த அலமாரியைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார். மரத்தில் படிந்த கறைக்கு வேதியியல் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். நான் எந்தப் பெரிய காரணமும் இல்லாமல் சரி என்றேன். என் கணவருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அதை வைக்காதே என்பார்.

அன்று கடைக்காரர் தலையணை உறையை உருவிக் கட்டையை என் மேசையில் வைத்தார். நல்ல வால்நட் மரம். மேலே யாரோ தடித்த வார்னிஷை அப்பியிருந்தார்கள். அதன் வலப்பக்கத்தில், ஒரு கன்னம் பதிகிற அளவுக்கு, கறுப்பாக ஒரு கறை.

"ஓனர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு டீச்சர். பளபளப்பு எப்டி வந்தாலும் பரவால்ல, இந்தக் கறுப்பு மட்டும் போயிடணுமாம்."

"என்ன கறைன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். தெரிலன்னுட்டாரு. அவுங்க அப்பாவோட துப்பாக்கி. அப்பா போனப்புறம் லைசென்ஸ இவுரு பேருக்கு மாத்திக்கினாரு. ஆனா ஒரு தடவ கூட சுட்டதில்லயாம். அடையார்ல ஊடு. அக்காவும் தம்பியுமா ரெண்டே பேருதான் கீறாங்க."

முதல் இரண்டு நாள் வார்னிஷை உரித்தேன். பழைய கட்டைகள் வருடக்கணக்காகத் துப்பாக்கி எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். சாக்குக்கட்டியைப் பொடித்துக் குழைத்துப் பூசி வெயிலில் காயவைத்தால், மரம் அந்த எண்ணெயைக் கக்கும். வெள்ளைப் பூச்சு மெல்ல மெல்லப் பழுப்பாகும். பள்ளம் விழுந்த இடங்களில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால், அமுங்கிய நார்கள் நீரைக் குடித்து மேலே எழும். இதெல்லாம் நான் விரும்பிச் செய்யும் வேலைகள். மரம் தன்னிடம் இருப்பதைத் தானாகவே வெளியே கொடுப்பதுபோல இருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் அளவு எடுத்தேன். துப்பாக்கிக் கட்டையும் ரவிக்கை மாதிரிதான். ஒருவர் அளவுக்குச் செய்தது இன்னொருவருக்குச் சேராது. நீளம், கன்னம் சாயும் உயரம், எந்தப் பக்கம் வளைவு என்று எல்லாம் ஆளைப் பார்த்துச் செதுக்குவார்கள். வலக்கைக்காரர் வலது தோளில் வைத்து, வலது கன்னத்தைக் கட்டையின் இடப்பக்கத்தில் சாய்ப்பார். அதனால் பழைய கட்டைகளில் இடப்பக்கம்தான் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். இதில் தேய்ந்திருந்தது வலப்பக்கம். கட்டையின் வளைவும் மற்றவற்றுக்கு நேர் எதிராக இருந்தது. நீளமோ, வளர்ந்த ஆண் யாரும் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்குக் குறைவு.

இடக்கைக்காரர், குள்ளமானவர் என்று நோட்டில் எழுதினேன். எழுதிய பிறகுதான் என் கையைப் பார்த்தேன். நானும் இடக்கையால்தான் எழுதுகிறேன். பள்ளியில் பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் குட்டி டீச்சர். கரும்பலகையின் மேல்பாதியை நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை.

அளவு சரிதானா என்று பார்க்கத்தான் எடுத்துத் தோளில் வைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டையை உயர்த்தினேன். என் இடது கன்னம் தேடாமலே தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கட்டைவிரல் ஒரு சிறு குழிவில் இறங்கியது. யாரோ பல நாள் விரல் வைத்துப் பழக்கிய குழிவு, என் விரலின் அகலம். கண்ணைத் திறந்தேன். இல்லாத குழலின் மேல் என் பார்வை நேராக ஓடி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையில் போய் நின்றது. காக்கை பறந்தது. கட்டையும் என் தோளோடு சேர்ந்து திரும்பியது. என் வலது கண் மூடியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். ஒரு கண்ணை மூடிக் குறி பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கீழே போய்க் காப்பி போட்டேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

கறையைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. வால்நட்டில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. டானினோடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு மை. ரத்தத்திலும் இரும்பு இருக்கிறதே என்று கணவர் சாப்பிடும்போது கேட்டார். வேதியியல் ஆசிரியையோடு வாழ்ந்ததன் விளைவு. "இருக்கு. ஆனா அவ்வளவு இரும்பு இருக்காது" என்றேன். ஆக்ஸாலிக் அமிலத்தைச் சுடுநீரில் கரைத்துப் பூசினேன். அரை மணி நேரத்தில் கறுப்பு வெளிறி, மாலைக்குள் மரம் சந்தன நிறத்துக்கு வந்துவிட்டது. நன்றாகக் கழுவிக் காய வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

காலையில் பார்த்தால் கறை திரும்பி வந்திருந்தது. அதே இடம், அதே வடிவம். அதோடு, கைப்பிடிப் பக்கம் கதவைப் பார்த்து இருக்கும்படி நான் வைத்துவிட்டுப் போன கட்டை, சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

மறுபடி பூசினேன். மறுபடி வெளுத்தது. அடுத்த நாள் மறுபடி வந்தது. கட்டையும் திரும்பியிருந்தது. நான்கு முறை இப்படி ஆனது. ஐந்தாம் நாள் கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"கட்டைய நான்தான் திருப்பி வெக்கிறேன்" என்றார். "காலைல செடிக்குத் தண்ணி ஊத்த மாடிக்கு வரேன்ல, அப்போ."

"ஏன்?"

"அது கதவப் பாத்துகிட்டு இருக்கு. குழலே இல்லன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் பக்கமா நடந்து வர முடியல." செய்தித்தாளை மறுபடி எடுத்தார். "நீ அத தோள்ல வெச்சுகிட்டு நிக்கிறியே, அப்பவும் எனக்கு உன் பக்கம் வர முடியல."

ஒரே ஒரு தடவைதான் வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தினமும் வைத்திருக்கிறேன். மாடிக்கு ஏறியதும் முதல் வேலையாக. கோயில் கோபுரத்துப் புறாக்களைத் தொடர்ந்திருக்கிறேன். மொட்டை மாடியில் துணி உலர்த்தும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக்கூட ஒருமுறை, அவள் குனிந்து நிமிரும்வரை, தொடர்ந்திருக்கிறேன்.

"உன் மூஞ்சியில என்ன அது?" என்றார் கணவர்.

கண்ணாடியில் பார்த்தேன். இடது கன்னத்தின் எலும்புக்கு மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு கறுப்பு. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஈரக் கட்டையில் கன்னத்தை வைத்தால் மை ஒட்டும், தோலின் வியர்வையில் அது ஊறிப் பிடித்துக்கொள்ளும். காரணம் தெரிந்ததுதான். இருந்தாலும் அன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டுதான் போனேன்.

மரத்தின் மேலே இருக்கும் கறையை அமிலம் எடுத்துவிட்டது. திரும்பி வருகிறதென்றால் உள்ளே எங்கோ இரும்பு இருக்கிறது. மாடிக்குப் போய்ப் பழைய பள்ளிச் சாமான்களில் கிடந்த காந்தத்தை நூலில் கட்டிக் கட்டையின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனேன். தோள் பக்கம் ஒன்றுமில்லை. கன்னம் பதியும் இடத்திலும் ஒன்றுமில்லை. கை பிடிக்கும் ஒல்லியான இடத்தைக் கழுத்து என்போம். அங்கே வந்ததும் காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் மயிரிழைபோல ஒரு கோடு கழுத்தைச் சுற்றி ஓடியது. அரக்கை உருக்கி, மரத்தூள் கலந்து அடைத்திருந்தார்கள். அந்தக் கட்டை ஒரு காலத்தில் இரண்டாக உடைந்திருக்கிறது. யாரோ உள்ளே ஆணி இறக்கி ஒட்டியிருக்கிறார்கள். நான் பூசிய தண்ணீரும் எங்கள் தெருவின் உப்புக் காற்றும் சேர்ந்து அந்த ஆணியைத் துருப்பிடிக்க வைக்க, துரு மரத்தின் நார் வழியாக ஊறிக் கன்னம் பதியும் இடத்துக்கு வருகிறது. ஒருவேளை இத்தனை வருடமும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கும்.

கடைக்காரரை வரச் சொன்னேன். அவர் அந்த விரிசலை நெடுநேரம் பார்த்தார்.

"கீழ வுழுந்து உடைஞ்சா இப்டி உடையாது டீச்சர். நேரா நீளவாக்குல பிளக்கும். இது குறுக்க முறிஞ்சிருக்கு. குழலப் புடிச்சுகினு எதுமேலயோ ஓங்கி அடிச்சிருக்காங்க."

"கோவத்துலயா?"

"கோவமோ பயமோ. யாருக்குத் தெரியும்? ஆனா ஓனர்கிட்ட சொல்லியே ஆவணும். ஒட்டுன கழுத்தோட இத யாரும் சுடக் கூடாது. மூஞ்சிலயே தெறிச்சிடும்."

மறுநாள் பிற்பகல் இருவரும் அடையாறுக்குப் போனோம். கட்டையைத் தலையணை உறையில் போட்டு என் மடியில் வைத்திருந்தேன். பழைய காலத்து வீடு, முன்னால் இரண்டு மாமரம், சுற்றிலும் அடுக்குமாடிகள். தம்பிக்கு எழுபது வயது இருக்கும். மெலிந்த, நல்ல மரியாதையான மனிதர். கூடத்தில் அவருடைய அப்பாவின் படம் மாட்டியிருந்தது. கால்வரை பூட்ஸ் போட்ட உயரமான ஆள், வலது கையில் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கியின் கட்டை நீளமாக இருந்தது. இது அதில்லை.

உடைந்து ஒட்டியிருக்கிறது என்று கடைக்காரர் சொன்னதும் தம்பி தலையை ஆட்டினார். "அதுக்கு வாய்ப்பே இல்ல. அப்பா துப்பாக்கிய யாரையும் தொட விடமாட்டார். எங்க வீட்ல அது ஒருநாளும் உடையல."

"இது உங்க அப்பாவுக்குச் செஞ்ச கட்டையே இல்ல சார்" என்றேன். "இடக்கைக்காரங்களுக்குச் செஞ்சது. என் உயரம்தான் இருந்திருப்பாங்க."

உள்ளறையின் வாசலில் யாரோ நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். எண்பதைத் தாண்டிய பெண். என்னைவிட ஓரிரு அங்குலம் குறைவான உயரம். நிலையை இடது கையால் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்றார்.

அன்று முக்காடு போடாமல் வந்திருந்தேன். மறந்தே போயிருந்தது. கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

"எனக்கும் இதே இடத்துலதான் இருந்துச்சு" என்றார் அவர். "எங்கம்மா மஞ்சளும் பயத்தமாவும் போட்டுத் தேச்சுத் தேச்சு எடுத்தாங்க. பத்து நாள் ஆச்சு."

"அக்கா, நீ என்ன சொல்ற?" என்றார் தம்பி.

"அது எனக்குச் செஞ்சதுடா. நீ அப்போ கைக்குழந்த." அவர் வந்து சோபாவில் உட்கார்ந்தார். பேசும்போது தம்பியைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். நான் பழகிப்போன ஆள் என்பதுபோல.

அப்பாவுக்குப் பையன் பிறக்க வெகுநாள் ஆனதால், மகளைத்தான் எல்லா இடத்துக்கும் கூட்டிப் போவாராம். பதினைந்து வயதில் அவளுக்கென்று இந்தத் துப்பாக்கியின் கட்டையை அளவெடுத்துச் செதுக்க வைத்தார். ஞாயிறு விடிந்ததும் காரில் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போவார்கள். அப்போதெல்லாம் அதுதான் ஊரின் எல்லை. கோரைக்கு நடுவே சின்னப் படகில் உட்கார்ந்து வாத்து எழும்பக் காத்திருப்பார்கள்.

"நான் நல்லா சுடுவேன்" என்றார், பெருமை எதுவும் இல்லாமல். "அன்னிக்கு மழை பேஞ்சு பனி மூட்டமா இருந்துச்சு. கட்டையெல்லாம் ஈரம். கோரைக்குள்ள என்னமோ அசைஞ்சுது. அப்பா சுடுன்னார். சுட்டேன். உடனே ஒரு சத்தம் வந்துச்சு."

"பறவையா?" என்றார் கடைக்காரர்.

"அதத்தான் நான் இத்தன வருஷமா யோசிச்சுகிட்டு இருக்கேன்." கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "ஒரே ஒரு சத்தம். சில நாரை அப்படிக் கத்தும். மனுஷனும் அப்படிக் கத்தலாம். யாராவது இருக்கீங்களான்னு கூப்பிடப் போனேன். அப்பா என் வாயப் பொத்தினார். இன்னொரு கையால என் துப்பாக்கியப் புடுங்கி, குழலப் புடிச்சுப் படகு விளிம்புல அடிச்சார். அப்புறம் துடுப்பு போட ஆரம்பிச்சுட்டார். திரும்பிப் பாக்கக் கூடாதுன்னார். நான் பாக்கல."

தெருவில் ஏதோ ஆட்டோ பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது.

"செய்தித்தாள்ல ஏதாவது வந்துச்சா?" என்றேன்.

"கோரை அறுக்குறவன் காணாமப் போனா அந்தக் காலத்துல யார் எழுதுவாங்க? ஒரு மாசம் நான் தினமும் பாத்தேன். அப்பாவும் பாத்தார், எனக்குத் தெரியாம. அப்புறம் அவரே யாரையோ வெச்சு அத ஒட்டினார். தூக்கிப் போட்டா கேள்வி வரும்ல. உரிமத்துல இருக்கே. அது திரும்பி வந்தப்புறம் ஒரு மழைநாள் தோள்ல வெச்சுப் பாத்தேன், அப்பதான் கன்னத்துல ஒட்டிச்சு. அதுக்கப்புறம் அவரும் சதுப்புக்குப் போகல. என் கல்யாணத்தப் பத்தியும் பேசல. நானும் கேக்கல."

தம்பி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். "கறுப்ப எடுத்துடுன்னு நீ சொன்னப்போ, ஏதோ அழகுக்காகச் சொல்றேன்னு நெனச்சேன்" என்றார்.

"நீ அத வீட்ட விட்டு வெளிய கொண்டு போறேன்னு சொன்ன. மத்தவங்க கண்ணுல படும்னு தோணுச்சு." பிறகு என் மடியில் இருந்த உறையைக் காட்டினார். "ஆணிய எடுத்துட்டா கறுப்பு வராதா?"

"வராதும்மா."

"எடுத்துடு."

வீட்டுக்கு வந்து அந்த வேலையை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த வாரம் முழுக்கக் கட்டையைத் தோளில் வைக்கவில்லை. மாடிப்படி ஏறும்போதே என் இடது தோள் லேசாக உயர்வதை மட்டும் தடுக்க முடியவில்லை. கடைசியில் ஒருநாள் கணவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவர் நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, கட்டையில் குழல் பொருந்தும் முனை தன்னை நோக்கி இல்லை என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அடைத்திருந்த அரக்கைச் சூடு காட்டி இளக்கினேன். பழைய வஜ்ஜிரப் பசை ஏற்கெனவே செத்திருந்தது. மெதுவாக இழுத்ததும் கழுத்து இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஆணி. சுண்டுவிரல் நீளம். துரு தின்று பாதியாகியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது மரத்திலிருந்து ஒரு சின்னக் கீச்சொலி வந்தது. எந்த ஆணியை எந்த மரத்திலிருந்து எடுத்தாலும் வருகிற சத்தம்தான். கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆணி இருந்த துளையில் மரக்குச்சியை இறக்கி ஒட்டினேன். கடைசியாக ஒருமுறை அமிலம். பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, கைச்சூட்டில் மரம் குடிக்கும்வரை தேய்த்தேன். பத்து நாள் தேய்த்தேன். கறை திரும்பவில்லை. வலப்பக்கத்தில் மரத்தின் ரேகைகள் மட்டும் தெரிந்தன. என் கன்னத்துக் கறுப்பும் அதற்குள் போயிருந்தது.

கட்டையை அவர்களிடம் காட்டப் போனபோது ஆணியையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன். அக்கா அதைக் கையில் வைத்துப் பார்த்தார். "இவ்வளவுதானா" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டையைக் கொடுத்தேன். வாங்கிய வேகத்தில் அது அவர் தோளுக்குப் போய்விட்டது. எண்பது வயதுக் கைகள் தடுமாறவே இல்லை. வலது கண் மூடியது. சன்னலுக்கு வெளியே மாமரத்தின் உச்சியிலிருந்து எதையோ தொடர்ந்து, கூடத்தின் சுவர்களைக் கடந்து, கட்டை மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஓர் இடத்தில் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. மொசைக் தரையும், கதவு மூலையில் ஒரு துடைப்பமும். அவர் அங்கேயே வெகுநேரம் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பறவை அவ்வளவு தாழ்வாப் பறக்காது" என்றார் கடைசியில், கட்டையை இறக்கிவிட்டு.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவர்தான் அந்தத் துப்பாக்கியை உரிமத்தோடு சேர்த்து அரசிடம் ஒப்படைத்தார். கடைக்காரர் கூடப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் அதற்கு முன்னால் அக்கா ஒன்று கேட்டார். அந்த இடத்துக்கு ஒருமுறை போக வேண்டும். நானும் வர வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை போனோம். தம்பியின் காரில் ஓட்டுநர், அவர், அக்கா, நான். சதுப்பின் ஓரமாக இப்போது பெரிய சாலை, அதற்கு அப்பால் கண்ணாடிக் கட்டடங்கள். அக்கா சன்னலோரம் உட்கார்ந்து எதையும் அடையாளம் காணாமல் பார்த்துக்கொண்டே வந்தார். இங்கேயா என்று தம்பி இரண்டு மூன்று இடத்தில் கேட்டார். தெரியாது என்றார். கடைசியில் கோரை சாலைக்கு நெருக்கமாக வந்த ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். முந்தின நாள் மழை. தண்ணீரின் மேல் இன்னும் வெள்ளையாகப் பனி நின்றது.

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். பின்னால் லாரிகள் போயின. நான் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் மூச்சை இழுப்பது கேட்டது. பிறகு, அந்த உடம்பிலிருந்து வருமென்று நான் நினைத்தே பார்க்காத குரலில் கூப்பிட்டார்.

"யாராவது இருக்கீங்களா?"

ஒன்றுமில்லை. ஒரு நாரை எழும்பி இன்னொரு பக்கம் போய் இறங்கியது. அவர் மறுபடி கூப்பிட்டார்.

கோரை அசைந்தது. நடுவிலிருந்து ஓர் ஆளின் தலை மேலே வந்தது. பிறகு தோள்கள். இடுப்புவரை தண்ணீரில் நின்றிருந்தார். தலையில் துண்டு, கையில் வலையோ பையோ எதுவோ. வயது சொல்ல முடியவில்லை. தம்பி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வலித்தது.

"இன்னாம்மா?" என்றார் அந்த ஆள்.

அக்கா வேலியின் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லப்பா. நல்லா இருக்கியா?"

அவர் எங்களையும் காரையும் பார்த்தார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதுபோல இருந்தது. "கீறேம்மா" என்றார். "எனுக்கு இன்னா. நல்லாத்தான் கீறேன்."

"அடி கிடி ஒண்ணும் படலியே?"

"அடியா? இல்லம்மா." கொஞ்சம் சிரித்தாற்போல இருந்தது. "முள்ளுதான் குத்தும். அது தெனமும் குத்துறதுதான்."

"சரிப்பா. வேலையப் பாரு."

அவர் குனிந்தார். கோரை மூடிக்கொண்டது. அக்கா வேலியை விட்டு நகரவில்லை. அந்த ஆள் கரையேறும்வரை இருக்கலாம் என்றார். நாற்காலி இல்லாததால் ஓட்டுநர் காரின் கதவைத் திறந்துவைத்து இருக்கையில் உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் இருந்தோம். பனி கலைந்து வெயில் வந்தது. தண்ணீர் நன்றாகத் தெரிந்தது. கோரையில் ஆள் நடமாட்டமே இல்லை.

"அந்தப் பக்கமா ஒரு வழி கீதும்மா, அப்டி ஏறிப் போயிருப்பாரு" என்றார் ஓட்டுநர்.

"இருக்கும்" என்றார் அக்கா. கால்களை உள்ளே எடுத்துக்கொண்டு கதவை அவரே சாத்திக்கொண்டார். மத்திய கைலாஷ் சந்திப்பு வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். வாயைச் சற்றுத் திறந்து, சின்னப் பிள்ளைபோல. வீடு வந்த பிறகும் தம்பி அவரை எழுப்பவில்லை. மாமர நிழலில் காரை நிறுத்திவிட்டு, நாங்கள் மூன்று பேரும் அவர் தானாக விழிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம்.